பாயின் முன்விளிம்பு: எழுதப்படாத ஒரு கடற்கலை

கப்பலின் திசையை மாற்றும் கருவியைத் தமிழில் ‘சுக்கான்’ என்கிறோம். அது அரபுச் சொல். ‘ஸுக்கான்’ என்று அரபு அகராதிகளில் இன்றும் அதே பொருளோடு நிற்கிறது. கலம் செலுத்துபவரை ‘மாலுமி’ என்கிறோம். அது ‘முஅல்லிம்’ என்பதன் தமிழ் வடிவம். பாடம் சொல்லித்தரும் ஆசிரியருக்கும் விண்மீன் பார்த்துக் கலத்திற்கு வழி சொன்னவருக்கும் அரபுகள் ஒரே பெயரையே வைத்திருந்தனர். துறைமுகத்தில் உழைக்கும் ‘கலாசி’யின் பெயரும் அரபு வழி வந்ததே. ‘நங்கூரம்’ பாரசீகத்தின் ‘லங்கர்’ என்னும் சொல்லுக்கு உறவு.

இச்சொற்களைச் சுட்டிக்காட்டித் தமிழக முஸ்லிம்களின் கடல் வரலாற்றை நாம் நெடுங்காலமாகப் பெருமையுடன் எழுதியும் பேசியும் வருகிறோம். மரைக்காயர் என்ற பெயர் ‘மரக்கலம்’ என்பதிலிருந்து வந்ததா, ‘மர்கப்’ என்னும் அரபுச் சொல்லிலிருந்து வந்ததா என்று விவாதிக்கிறோம். காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர், பரங்கிப்பேட்டை, பழவேற்காடு ஆகிய துறைகளைப் பட்டியலிடுகிறோம். கலம் யாருடையது, என்ன சரக்கு ஏற்றியது, எந்த நாட்டுக்குச் சென்றது என்பவையெல்லாம் நம் கட்டுரைகளில் இடம்பெறுகின்றன. ஆனால், அந்தக் கலம் எப்படி ஓடியது? காற்று மெலிந்தபோது பாயை என்ன செய்தார்கள்? காற்று வலுத்தபோது எந்தக் கயிற்றை இழுத்தார்கள்? இக்கேள்விகளை நாம் எழுப்பியதே இல்லை.

இக்கட்டுரை அந்தக் குறையைச் சிறிதளவு நிரப்பும் முயற்சி. பாய்மரக் கலை முழுவதையும் ஈண்டுப் பேசப்போவதில்லை. பாயின் ஓர் ஓரத்தை, காற்றை முதலில் சந்திக்கும் முன்விளிம்பை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். அதை எவ்வளவு இறுக்குவது, எப்போது தளர்த்துவது என்ற சிறு செய்தியில் ஒரு பெரிய வரலாறு அடங்கியிருக்கக் காண்கிறோம்.

நூல்களின் மௌனம்

அரபுகளின் கடல் நூல்களில் தலையாயது அஹ்மத் இப்னு மாஜித் எழுதிய ‘கிதாபுல் ஃபவாயித்’. ஹிஜ்ரி 895ஆம் ஆண்டை (கி.பி. 1490) ஒட்டி நிறைவுற்றது. அவருக்குப் பின் வந்த சுலைமான் அல்மஹ்ரீ ஹிஜ்ரி 917இல் (1511) ‘அல்உம்தா’வை எழுதினார். விண்மீன்களின் உயரத்தை விரலளவால் கணிப்பது, துறைகளின் இருப்பிடங்கள், பருவக்காற்று எந்நாளில் தொடங்கி எந்நாளில் முடியும் என்பவை இந்நூல்களில் விரிவாக உள்ளன. ‘மவ்ஸிம்’ என்று அரபுகள் சொன்ன பயணப் பருவம்தான் ஐரோப்பிய மொழிகளில் ‘மான்சூன்’ ஆயிற்று. சோழமண்டலக் கரையும் இந்த நூலாசிரியர்கள் அறிந்த கரையே.

எனினும் பாயை எவ்வாறு கட்டுவது, எவ்வளவு இறுக்குவது என்பது பற்றி இந்நூல்கள் சொல்வது மிகக் குறைவு. நம் பக்கத்திலும் நிலைமை இதுவே. 1950இல் சென்னையில் அச்சேறிய ‘கப்பல் சாத்திரம்’ மரத்தின் தரம், கலத்தின் அளவுகள், நல்ல நாள் தீய நாள் ஆகியவற்றைப் பற்றிப் பேசுகிறது. சங்கத் தமிழில் பாய்க்கு ‘இதை’ என்றும் பாய்மரத்துக்குக் ‘கூம்பு’ என்றும் பெயர்கள் இருந்தன. பெயர்கள் கிடைக்கின்றனவே தவிர, அவற்றைக் கையாண்ட முறை கிடைக்கவில்லை.

இதற்குக் காரணம் தேடத் தொலைவு செல்ல வேண்டியதில்லை. விண்மீன் கணக்கு முஅல்லிமின் கல்வி. அவர் எழுதத் தெரிந்தவர். கயிறு இழுப்பது கலாசியின் வேலை; அவர் எழுதவில்லை. எழுதப்பட்ட அறிவு எஞ்சியது. கையில் இருந்த அறிவு கையோடு போயிற்று.

அந்த அறிவு இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு இப்னு பதூதாவே சான்று. 1340களில் அவர் இலங்கையிலிருந்து மஅபர் கரைக்கு, அதாவது நம் கிழக்குக் கரைக்கு, வந்தார். வழியில் காற்று மூண்டு கலத்துக்குள் நீர் புகும் நிலை வந்தது. தங்களிடம் தேர்ந்த தலைவன் ஒருவனும் இல்லையே என்று அவர் வருந்தி எழுதுகிறார். கலம் ஆழமற்ற நீரில் சிக்கியது. உயிர் தப்பியதே பெரிதாயிற்று.

திருவொற்றியூர்க் குப்பத்தில்

நூல்கள் கைவிட்டபின் ஆட்களைத் தேடிச் செல்வதே வழி. சில ஆண்டுகளுக்கு முன் நம் மாணவர் நால்வருடன் இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரையுள்ள மீனவர் குப்பங்களுக்குச் சென்றோம். 1875இல் அடிக்கல் நாட்டப்பட்ட சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் தெற்கிலிருந்து வரும் மணலைத் தடுத்தன. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே கரையைக் கடல் தின்றது. பாய் விரித்து உலர்த்திய மணல்வெளி இருந்த இடங்கள் பலவற்றில் இன்று கருங்கல் குவியல்களே உள்ளன. கட்டுமரங்களும் இல்லை. வெளியிணைப்பு இயந்திரங்கள் பரவிப் பாயின் தேவையைக் குறைத்தன. 2004ஆம் ஆண்டுச் சுனாமிக்குப் பின் ஃபைபர் படகுகள் ஏறக்குறைய முழுமையாக அவற்றின் இடத்தைப் பிடித்தன.

திருவொற்றியூரில் எண்பது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர் கிடைத்தார். இளமையில் பாய் விரித்துக் கட்டுமரம் ஓட்டியவர். நாம் வந்த காரியத்தைச் சொன்னதும் சிரித்தார்.

“உக்காருங்க பாய். பாயப் பத்திக் கேக்க வந்த மொத பாய் நீங்கதான்” என்றார். மாணவர்களும் சிரித்துவிட்டனர்.

காற்றைப் பற்றி அவர் முதலில் சொன்னார். சென்னைக் கரையில் விடியலுக்கு முன் நிலத்திலிருந்து கடலை நோக்கி மெல்லிய காற்று வீசும். நண்பகலுக்குப் பின் கடலிலிருந்து நிலம் நோக்கி அதைவிட வலுவான காற்று எழும். முன்னதில் கடலுக்குச் செல்வதும் பின்னதில் கரைக்குத் திரும்புவதும் கட்டுமரக்காரரின் அன்றாட வாழ்க்கை. ஒரே பாய், காற்று இரண்டு.

“காலையில போறப்ப பாயத் தொளதொளன்னு கட்டுவோம். வயிறு வைக்கும். கொஞ்சூண்டு காத்தையும் புடிச்சுக்கும். மத்தியானம் கடக்காத்து சாத்தும். அப்ப பாய எறக்கி, முன் ஓரத்த இழுத்து வெறைப்பாக் கட்டித்தான் திரும்பணும். இல்லன்னா மரம் முன்னால போவாது, பக்கத்துல போவும்” என்றார்.

எவ்வளவு இழுப்பது என்று கேட்டோம். தோளில் கிடந்த துண்டை எடுத்து அதன் ஒரு முனையை மாணவர் ஒருவரிடம் கொடுத்து உயரப் பிடிக்கச் சொன்னார். அதே ஓரத்தின் மறுமுனையைத் தாம் தாழப் பிடித்துக்கொண்டார். கடற்காற்றில் துண்டு புடைத்தது. பிடி தளர்ந்திருந்தபோது அந்த ஓரத்திலிருந்து குறுக்கே சிறு சிறு சுருக்கங்கள் ஓடின. மெல்ல இழுத்தார், சுருக்கங்கள் மறைந்தன. மேலும் இழுத்தார், இப்போது ஓரத்தையொட்டி நெடுக ஒரு மடிப்பு விழுந்தது.

“அந்தச் சுருக்கம் போற வரைக்கும் இழு. இந்த மடிப்பு வர்றதுக்கு முன்னாடி நிறுத்து. அவ்வளவுதான் பாய்” என்றார்.

இன்று உலகெங்கும் பாய்ப்படகு பயிற்றுநர்கள் கற்பிக்கும் விதியும் ஏறத்தாழ இதுவே. முன்விளிம்பிலிருந்து குறுக்குச் சுருக்கம் தெரிந்தால் இறுக்கம் போதாது. நெடுக்கு மடிப்பு விழுந்தால் இறுக்கம் மிகுதி. காற்று மெலிந்திருக்கும்போது மட்டும் சிறு சுருக்கங்களை அப்படியே விட்டுவிடலாம் என்பது ஒரு விலக்கு. பெரியவரின் “தொளதொள” அதைத்தான் குறித்தது.

வயிறும் விளிம்பும்

இதன் காரணத்தை அறிந்துகொள்வது நலம். பாய் என்பது காற்றைத் தடுத்து நிற்கும் சுவர் அன்று. அது வளைந்த பரப்பு. காற்று அதன் இருபுறமும் வழுக்கி ஓடும்போது இருபுறத்து அழுத்தங்களும் வேறுபடுவதால் இழுவிசை பிறக்கிறது. அவ்வளைவின் மிக ஆழமான இடத்தையே நம் பெரியவர் வயிறு என்றார். அது முன்விளிம்பிலிருந்து பாயின் அகலத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது முதல் ஐம்பது பங்கு தொலைவில் இருந்தால் பெரும்பாய் நன்கு இழுக்கும் என்பது பொதுவான கணக்கு.

காற்று வலுக்கும்போது துணி நீள்கிறது. ஆழமான இடம் பின்னோக்கி நகர்கிறது. பின்விளிம்பு உள்நோக்கி வளைந்து கொக்கிபோல் காற்றைப் பிடித்துக்கொள்கிறது. அப்போது கலத்தை முன்னே செலுத்தவேண்டிய விசையின் பெரும்பகுதி அதைப் பக்கவாட்டில் சாய்க்கவும் தள்ளவும் செலவாகிறது. சுக்கான் கனக்கிறது. முன்விளிம்பை இழுத்தால் நடுவில் தேங்கிய துணி முன்னோக்கி வருகிறது. வயிறும் அதனோடு முன்னே வருகிறது. பின்விளிம்பு தட்டையாகித் திறந்து காற்றை விடுவிக்கிறது. கலம் நிமிர்கிறது, சுக்கான் இலேசாகிறது. காற்று மெலிந்தபின் இதற்கு நேர்மாறாகத் தளர்த்த வேண்டும். காற்றை எதிர்த்து ஏறும்போது இறுக்குவதும், காற்றோடு ஓடும்போது தளர்த்துவதும் இதே அடிப்படையில்தான்.

துணியின் தன்மையும் இதில் பங்கு கொள்கிறது. நெய்த துணியை இழையின் போக்கில் இழுத்தால் அதிகம் நீளாது. கோணவாக்கில் இழுத்தால் நீளும். தையற்காரர் எவரும் அறிந்த செய்தி இது. பாயை வெட்டித் தைக்கும்போது முன்விளிம்பு பெரும்பாலும் கோணவாக்கில் அமைகிறது. அதனால்தான் அந்த ஓரத்தை இழுப்பது பாயின் உருவத்தையே மாற்ற வல்லதாகிறது. பருத்தி நனைந்தால் இழைகள் பருத்து இடைவெளி குறையும், காற்று ஊடுருவாது. பருத்திப் பாயின் மீது நீர் தெளிப்பது பல நாட்டுக் கடலோடிகளின் பழைய வழக்கம்.

பருமலில் கட்டிய பாய்

இன்றைய விளையாட்டுப் படகில் பெரும்பாயின் முன்விளிம்பு பாய்மரத்தை ஒட்டி நிற்கிறது. மேலிருந்தும் கீழிருந்தும் கயிறு இழுத்து அதை எந்நேரமும் இறுக்கலாம், தளர்த்தலாம். அரபுக் கலங்களிலும் நம் தோணி, கட்டுமரங்களிலும் விரிக்கப்பட்ட முக்கோணப் பாயில் இது வேறு விதம். அங்கே பாயின் நீண்ட முன்னோரம் பாய்மரத்தில் இல்லை. பாய்மரத்துக்குக் குறுக்கே சாய்ந்து நிற்கும் நீண்ட கழியில் கட்டப்பட்டிருக்கிறது. அக்கழியைத் தமிழில் ‘பருமல்’ என்பர். அதை உயர்த்தும் கயிறு ‘ஆஞ்சான்’. ஆஞ்சானை எவ்வளவு இழுத்தாலும் பருமல் உயருமே தவிர, அதில் கட்டிய துணியின் விளிம்பு இறுகாது. விளிம்பின் இறுக்கம் பாயைப் பருமலில் கட்டும்போதே முடிவாகிவிடுகிறது.

இவ்வேறுபாடு சிறிதன்று. இன்றைய படகோட்டி காற்று வந்தபின் கயிற்றை இழுக்கிறார். பழைய கடலோடி காற்று வருமுன் முடிவு செய்யவேண்டியிருந்தது. வானத்தையும் அலையையும் பார்த்து, இன்று எத்தகைய காற்று வரும் என்று கணித்து, அதற்கேற்பக் கரையிலேயே பாயைக் கட்டினார். கணிப்புத் தவறினால் நடுக்கடலில் பாயை இறக்கி மீண்டும் கட்டவேண்டும். கட்டுமரத்தில் இரண்டு மூன்று பேர் அதைச் செய்துவிடலாம். பெருங்கலத்தில் பருமலே கலத்தின் நீளத்துக்கு நிகரானது. அதை இறக்குவது எளிய காரியமன்று.

ஆகவே பெருங்கலங்கள் வேறொரு வழியைக் கைக்கொண்டன. 1938-39இல் ஆலன் வில்லியர்ஸ் என்னும் ஆஸ்திரேலியக் கடலோடி, அலீ இப்னு நாஸிர் அந்நஜ்தீ தலைவராக இருந்த ‘பயான்’ என்ற குவைத் கலத்தில் பயணம் செய்து அதனை நூலாக எழுதினார். அரபுக் கலங்கள் பல அளவுகளில் பாய்களை உடன் கொண்டு செல்வதை அவர் வாயிலாக அறிகிறோம். மெல்லிய காற்றுக்குப் பெரிய பாய். வலுத்த காற்றுக்குச் சிறிய பாய். காற்று மாறினால் பாயையே மாற்றினர்.

முன்விளிம்பைக் கடலில் இறுக்கும் வழி முற்றிலும் இல்லாமல் போகவில்லை. அரபுக் கலங்கள் பலவற்றில் பாய் முழு முக்கோணம் அன்று. முன்மூலை சிறிது வெட்டப்பட்டு, பருமலுக்குக் கீழே ஒரு குட்டையான முன்விளிம்பு தொங்கும். அதன் கீழ்மூலையைக் கலத்தின் முன்பக்கத்தில் கயிற்றால் இழுத்துக் கட்டுவர். அந்தச் சிறு ஓரத்தில்தான் பழைய கடலோடிக்கு ஓடும்போதே இறுக்கும் உரிமை இருந்தது.

முக்கோணப் பாய் யாருடைய கொடை?

இவ்விடத்தில் நம் மேடைகளில் அடிக்கடி கேட்கும் ஒரு கூற்றை ஆராய வேண்டும். முக்கோணப் பாயை உலகுக்கு அளித்தவர்கள் அரபுகளே என்பது அக்கூற்று. நாமும் வகுப்பில் அப்படிச் சொல்லியிருக்கிறோம். ஜார்ஜ் ஹூரானி போன்ற அறிஞர்களும் அரபுகளே அதை மத்தியதரைக் கடலுக்குக் கொண்டுசென்றனர் என்று கருதினர். அவரது நூல் வெளியான ஆண்டு 1951.

பின்னர் கிடைத்த சான்றுகள் இக்கருத்துக்கு ஆதரவாக இல்லை. கிரேக்க நாட்டில், கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கல்லறைச் சிற்பம் ஒன்றில் இத்தகைய பாய் கட்டிய படகு காணப்படுகிறது. இஸ்லாம் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மத்தியதரைக் கடலில் அது வழக்கில் இருந்தது. இந்தியப் பெருங்கடலில் அவ்வடிவத்துக்கான தெளிவான சான்றுகள் மிகவும் பின்னரே கிடைக்கின்றன. நம் கரையில் கிடைத்த சாதவாகனர் காசுகளில் இரட்டைப் பாய்மரக் கலம் உண்டு. அஜந்தா ஓவியத்தில் மூன்று நெடிய பாய்கள் கொண்ட கலம் உண்டு. அவற்றில் முக்கோணப் பாய் இல்லை.

ஆதாரமற்ற பெருமை நமக்குத் தேவையில்லை. அறிவிப்பாளர் தொடரைச் சோதித்தே செய்தியை ஏற்கும் மரபில் பயின்ற நாம், வரலாற்றுச் செய்தியிலும் அந்த ஒழுக்கத்தைக் கைவிடலாகாது. ஆதாரமுள்ள பெருமைகள் வேறு உள்ளன.

செங்கடலின் எகிப்தியத் துறைகளான பெரெனிக்கே, மியோஸ் ஹோர்மோஸ் ஆகியவற்றில் அகழ்ந்தபோது உரோமர் காலத்துப் பாய்த் துணிகள் கிடைத்தன. அவை பருத்தி. அவற்றின் நூல் எகிப்திய முறையிலன்றி இந்திய முறையில் முறுக்கப்பட்டிருந்தது. செங்கடலில் ஓடிய கலங்களுக்கு நம் நாட்டுத் துணி பாயாகியிருக்கிறது என்பதற்கு இது சான்று. ஹிஜ்ரி 579ஐ (1183) ஒட்டி ஐதாப் துறையில் நின்ற ஸ்பெயின் நாட்டு ஹாஜி இப்னு ஜுபைர், அங்கிருந்த கலங்கள் ஆணியின்றித் தென்னை நார்க் கயிற்றால் தைக்கப்பட்டிருந்ததையும், அவற்றின் பாய்கள் ‘முக்ல்’ என்னும் ஒருவகைப் பனையோலையால் முடையப்பட்டிருந்ததையும் குறித்துவைத்தார். ஓலைப்பாய் துணிபோல் நீளாது; அதன் விளிம்பை இழுத்து வயிற்றை முன்னே கொண்டுவருவது அரிது. பருத்திப் பாயே விளிம்பை இறுக்கித் தளர்த்தும் கலைக்கு இடம் தந்தது. அக்கலையில் நம் நெசவாளருக்கும் பங்குண்டு.

நம் கல்லூரிகளில் ஓதப்படும் ‘மகாமாத்துல் ஹரீரீ’யின் 39ஆம் மகாமா உமானை நோக்கிய கடற்பயணத்தைக் கூறுவது. ஹிஜ்ரி 634இல் (1237) யஹ்யா அல்வாஸிதீ அதற்கு ஓவியம் வரைந்தார். அதிலுள்ள கலத்தின் பின்புறத்தில் பொருத்திய சுக்கான், அத்தகைய சுக்கானைக் காட்டும் மிகப் பழைய ஓவியங்களில் ஒன்று. அக்கலத்தின் ஊழியர்கள் இந்தியரின் தோற்றத்தில் வரையப்பட்டிருப்பதாகப் பலரும் கருதுகின்றனர். அரபுக் கலம், இந்தியக் கைகள்: ஓவியர் கண்டதை வரைந்தார்.

சொற்கள் தரும் சான்று

நூல்கள் மௌனமாயினும் சொற்கள் பேசுகின்றன. வளைகுடா அரபுக் கடலோடிகள் பாயின் முன்பக்கத்தையும் அதை இழுக்கும் கயிற்றையும் ‘ஜோஷ்’ என்பர். பின்பக்கக் கீழ்மூலையைச் சேர்ந்தது ‘தாமன்’. இந்தியக் கப்பல்களில் பல இனத்தவரான ஊழியர்கள் பேசிய கலப்பு மொழிக்கு, தாமஸ் ரோபக் என்ற படை அதிகாரி 1811இல் கல்கத்தாவில் ஓர் அகராதி வெளியிட்டார். அம்மொழியில் முன்மூலைக் கயிறு ‘கோஸ்’. பின்மூலைக் கயிறு ‘தாமன்’. நம் தமிழில் பாயின் கீழ்மூலைக் கயிறு ‘தாமான்’.

பாரசீகத்தில் ‘தாமன்’ என்றால் ஆடையின் கீழ் ஓரம். ‘கோஷா’ என்றால் மூலை. பாரசீகத்தின் ‘க’ ஒலி அரபியில் ‘ஜ’ ஆவது நம் மாணவர் அறிந்ததே. ‘கவ்ஹர்’ என்ற சொல்தான் ‘ஜவ்ஹர்’ ஆயிற்று. அவ்வாறே ‘கோஸ்’, ‘ஜோஷ்’ இரண்டும் ஒரே வேரின எனக் கருத இடமுண்டு. பாரசீகர், அரபுகள், குஜராத்தியர், தமிழர் ஆகிய அனைவரும் ஒரே கயிற்றைப் பிடித்திருந்தாலன்றி ஒரே சொல் இத்தனை வாய்களில் நிலைத்திருக்காது. கூச்சலிடும் காற்றில் ஆணையிடுபவனும் இழுப்பவனும் வேறு மொழியினராக இருந்தாலும், அந்த ஒரு சொல் பொதுவாக இருந்தாக வேண்டும். உயிர் அதில் தொங்கியது.

துறைமுகத்துக்குள் ஒரு தொடர்ச்சி

இயந்திரம் வந்தபின் பாய் வணிகத்தை விட்டு விளையாட்டுக்குச் சென்றது. சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் தலைவராக இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கின் முயற்சியால் 1911இல் துறைமுகத்துக்குள் பாய்ப்படகுக் கழகம் ஒன்று தோன்றியது. அதுவே இராயல் மெட்ராஸ் யாட் கிளப். கணித மேதை இராமானுஜனுக்கு எழுத்தர் வேலை கொடுத்த அதே ஸ்பிரிங்தான் இவர். இராயபுரத்துக் கட்டுமரங்கள் வெளியே பாய் விரித்துக்கொண்டிருந்த காலத்திலேயே, சுவருக்கு உள்ளே ஆங்கிலேயர் வேறு வகைப் பாய் விரித்தனர்.

அவ்வகைப் பாயிலும் முன்விளிம்பே சிக்கலாக இருந்தது. போட்டி விதிகள் பாயின் உயரத்துக்கு எல்லை வகுத்தன. எல்லைவரை ஏற்றிவிட்ட பாயைக் காற்று வலுத்தபின் மேலும் மேலே இழுக்க முடியாது. 1958இல் ‘கொலம்பியா’ என்ற படகைச் செலுத்தி அமெரிக்கக் கோப்பையை வென்ற பிரிக்ஸ் கன்னிங்ஹாம் இதற்கு எளிய வழி கண்டார். பாயின் முன்விளிம்பில், கீழ்மூலைக்குச் சற்று மேலே ஒரு துளையிட்டு, அதில் கயிறு கோத்துக் கீழ்நோக்கி இழுத்தார். பாயின் உயரம் மாறாமலே விளிம்பு இறுகியது. அக்கயிறு இன்றும் அவர் பெயராலேயே கன்னிங்ஹாம் எனப்படுகிறது. பருத்தியின் இடத்தைப் பாலியஸ்டர் துணி பிடித்தபின்னும் அதன் தேவை குறையவில்லை.

சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் செலுத்திய லேசர் ரேடியல் வகைப் படகில் ஒரே பாய்தான். அதைப் பாய்மரத்தின் மேல் உறைபோல் மாட்டுவர், ஆஞ்சான் கிடையாது. முன்விளிம்பை இறுக்க அந்த ஒரு கயிறே கதி. 2021 ஏப்ரலில் அவர் ஒலிம்பிக்கில் பாய்ப்படகோட்டத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்மணி ஆனார். தகுதிப் போட்டி நடந்த இடம் உமான் நாட்டின் முஸன்னஆ கரை. ஹரீரீயின் கதைமாந்தர் எந்த நாட்டை நோக்கிக் கலமேறினரோ அந்நாட்டின் கரையில், எந்தக் கரையோரம் ‘ஜோஷ்’ என்று கூவிப் பாய் இழுத்தனரோ அந்தக் கடலில், சென்னைப் பெண் ஒருவர் பாயின் முன்விளிம்பை இழுத்து வென்றிருக்கிறார்.

நாம் செய்யவேண்டியது

விளையாட்டில் இக்கலை வாழ்கிறது. அதன் விதிகள் நூல்களிலும் பயிற்சிகளிலும் பதிவாகிவிட்டன. மறைந்துகொண்டிருப்பது கட்டுமரத்திலும் தோணியிலும் வழங்கிய அறிவும் அதன் சொற்களும்தான். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் பாய் விரித்து ஓடிய தோணிகள் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருந்தன. அவற்றில் கயிறு பிடித்தவர்களில் சிலரேனும் இன்றும் இருப்பர். இராயபுரத்தில், காசிமேட்டில், எண்ணூரில், பழவேற்காட்டில் பாயைக் கையால் அறிந்தவர்கள் எண்பதைக் கடந்துவிட்டனர்.

அவர்களில் பெரும்பாலோர் நம் சமுதாயத்தவர் அல்லர். இந்துக்களான பட்டினவர், கத்தோலிக்க மீனவர், முஸ்லிம் தோணிக்காரர் ஆகியோர் ஒரே காற்றில், ஒரே சொற்களால் தொழில் செய்தனர். நம் முன்னோர் கலம் வைத்திருந்தனர் என்று சொல்லும் நாம், அக்கலத்தின் பாயைப் பிடித்த கைகளுக்குக் கடன்பட்டவர்கள். அக்கடனைத் தீர்க்கும் வழி அவர்களின் அறிவைப் பெயர் சொல்லி எழுதிவைப்பதே.

அரபிக் கல்லூரி மாணவர்களுக்கு இதில் தனித் தகுதி உண்டு. மீனவப் பெரியவர் ஒருவர் ‘தாமான்’ என்று சொல்லும்போது அது எங்கிருந்து வந்தது என்று அறியக்கூடியவர்கள் அவர்கள். ஒலிப்பதிவுக் கருவி இன்று ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கிறது. விடுமுறையில் ஒரு குப்பத்துக்குச் சென்று, ஒரு பெரியவரின் பக்கத்தில் அமர்ந்து, பாயின் உறுப்புகளுக்கும் கயிறுகளுக்கும் காற்றுகளுக்கும் அவர் சொல்லும் பெயர்களை எழுதிவந்தால் போதும்.

நம்மோடு வந்த மாணவர் நால்வரும் அன்று இருபத்தெட்டுச் சொற்களை எழுதிவந்தனர். அவற்றில் பதினொன்று நமக்குத் தெரிந்த எந்த அகராதியிலும் இல்லை. அவற்றின் பொருளைச் சரிபார்க்க அடுத்த ஆண்டு மீண்டும் திருவொற்றியூர் சென்றோம். பெரியவர் காலமாகியிருந்தார். பதினொன்றில் நான்கின் பொருளை அண்டைக் குப்பத்தார் சொன்னார்கள். எஞ்சிய ஏழும் பொருள் தெரியாமல் நம் குறிப்பேட்டில் உள்ளன.